லண்டன் மாநகரில் நம் நாட்டு உணவு

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



யான் பிரசங்கியல்லன். இருபத்துமூன்று வருஷம் லண்டன் மாநகரில் கணக்குப் புத்தகங்களோடு காலங்கழித்துத் திரும்பியவன். ஏதாவது பேசியே தீரவேண்டுமென்று நம் காரியதரிசி அவர்கள் கட்டளையிட்டபோது, எனக்கு நன்றாகத் தெரிந்ததும், என் குடும்பத்தில் நேர்ந்த ஒரு துன்பத்தின் வாயிலாகத் தெரிந்துகொண்டதுமான விஷயமொன்றையே எடுத்துக்கொண்டேன். அப்பெரும் பட்டணத்தில் தேகத்துக்குக் கேடு செய்யாத இந்திய உணவுச்சாலையைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பதே அவ்விஷயம். சோற்றைப் பற்றி ஓர் உபந்நியாசமா என்று சிலர் நகைக்கக்கூடும். இவ்வருஷம் தங்கள் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ எத்தனை பிள்ளைகள் படிப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் கடல் கடக்கப் போகின்றார்கள் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.

பிள்ளை அயல்நாடு போகிறான் என்றவுடன் நம் தாய்மார்கள் கேட்கும் முதற்கேள்வி, "அங்கே நம்ம சாப்பாடு கிடைக்குமா?" என்பதே. கிடைக்கும் என்று சொல்லிவிட்டால் அவர்கள் மனம் ஆறிவிடுகின்றது. அந்த ஆறுதல்தான் எங்களை ஏமாற்றிற்று.

என் தமையனாரின் புதல்வன் 2014ஆம் வருஷம் தனது இருபத்தேழாம் வயதில் உத்தியோகத்தின் பொருட்டு லண்டன் வந்து சேர்ந்தான். சமையல் அறியாதவன். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு இரவு எட்டரைக்கு அறை திரும்புவான். யானே அவனுக்கு அறை பார்த்துக் கொடுத்தேன். அவ்வறைக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த இந்திய ஹோட்டலொன்றைக் கைகாட்டி, "இனி உனக்குக் கவலையில்லை; நம் ஊர்ச் சாப்பாடு வாசலிலேயே இருக்கிறது" என்று சொன்னவனும் யானே. அவனும் ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் அங்கே உண்டுவந்தான். ஞாயிறுதோறும் என் அண்ணியார் தொலைபேசியில் விசாரிப்பார், நம் சாப்பாடுதான் என்று இருவரும் சொல்வோம், அவரும் மகிழ்வார். பதினான்கு மாதம் சென்றபின் பையன் இடுப்பு பருத்துக் கண் குழிந்து தோன்றினான். இரவில் நாலைந்து தரம் எழுந்து நீர் பருகுவதாகச் சொன்னான். வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். நீரிழிவு என்று சொன்னார்கள்.

அந்த வைத்தியர் ஓர் ஆங்கில மாது, நிதானமானவர். "என்ன ஆகாரம் உட்கொள்ளுகிறீர்?" என்று கேட்டார். "வீட்டுச் சாப்பாடுதான், எங்கள் நாட்டுச் சாப்பாடு" என்றான் பையன். அவ்வம்மையார் எழுதுகோலைக் கீழே வைத்து, "அதைச் சமைப்பவர் யார்?" என்று கேட்டார். எங்கள் இருவருக்கும் விடை தெரியவில்லை. பதினான்கு மாதம் உண்ட சோற்றைச் சமைத்தவன் எந்த ஊரான், அதில் என்ன இடுகின்றான் என்பதை நாங்கள் ஒருநாளும் விசாரித்ததில்லை. உணவு ஒன்றே நோய்க்குக் காரணம் என்று யான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் இவ்வியாதி முன்னரே உண்டு. நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக 2023ஆம் வருஷத்தில் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணிப்புக் கூறுகின்றது. வெள்ளையருக்கு நாற்பது வயதுக்கு மேல் வரும் அபாயம் தெற்காசியருக்கு இருபத்தைந்திலேயே தொடங்குகின்றதென்று அந்நாட்டு வைத்திய இலாகாவே எச்சரிக்கின்றது. இப்படிப்பட்ட தேகவாகுடைய நமக்கு அந்த ஹோட்டல் உணவு விறகிலிட்ட எண்ணெயாயிற்று. வழிகாட்டிய பழியிலிருந்து யான் தப்ப முடியாது.

அதன்பின்னரே அந்த ஹோட்டல்களின் வரலாற்றை ஆராயத் தலைப்பட்டேன். லண்டனில் முதல் இந்திய உணவுச்சாலையை 1810ஆம் வருஷத்தில், போர்ட்மன் சதுக்கத்துக்குச் சமீபத்தில், பாட்னாவில் பிறந்த தீன் முகம்மது என்பவர் திறந்தார். இரண்டு வருஷத்துக்குள் அவர் கடனாளியாகித் திவாலானார். பின்னர் 1926இல் ரீஜண்டு வீதியில் எட்வர்டு பாமர் என்பார் 'வீராசாமி' என்னும் உணவுச்சாலையை நிறுவினார். அது செல்வர்களுக்கானது. இன்று தெருத்தோறும் காணப்படும் சாதாரண 'இந்தியன்' ஹோட்டல்களுக்கோ மூலபுருஷர்கள் வேறு. அவர்கள் நீராவிக் கப்பல்களில் நிலக்கரி தள்ளியும் சமையலறையில் ஏவல் புரிந்தும் வந்த சில்ஹெட் நாட்டு மாலுமிகள். அவ்வூர் இப்போது வங்காள தேசத்தைச் சேர்ந்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப்பின் அவர்கள் குண்டுவீச்சில் பழுதான சிறு காப்பிக் கடைகளையும் வறுத்த மீன் கடைகளையும் மலிவாக வாங்கினார்கள். மதுக்கடைகள் மூடிய பின்னும் இவர்கள் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு வருகிற ஆங்கிலேயனுக்குக் காரமும் கொழுப்பும் தித்திப்பும் வேண்டியிருந்தன. அவன் கேட்டதை இவர்கள் ஆக்கிக் கொடுத்தார்கள். இதில் அவர்களைக் குறைகூற இடமில்லை. அரும்பாடுபட்டுப் பிழைத்த மக்கள் அவர்கள். 2001ஆம் வருஷத்தில் அந்நாட்டு வெளிநாட்டு மந்திரி ராபின் குக் என்பவர், சிக்கன் டிக்கா மசாலா ஆங்கில நாட்டின் தேசிய உணவே என்று பேசினார். அவர் சொன்னது உண்மை. அது ஆங்கிலேயர் உணவு. நம்மூர் உணவென்று எண்ணி உண்டவர்கள் நாங்கள்.

இனி அச்சமையலறையில் நடப்பதைச் சொல்லுகின்றேன். காலையில் ஒரு பெரிய அண்டாவில் மூட்டை வெங்காயத்தை எண்ணெயோடும் இஞ்சி பூண்டோடும் தக்காளியோடும் வேகவைத்து மைபோல் அரைத்துப் பொதுக் குழம்பு ஒன்று செய்துகொள்ளுகின்றார்கள். இறைச்சியை முன்னதாகவே வேகவைத்து எடுத்து வைக்கின்றார்கள். இரவில் ஆள் வந்து உட்கார்ந்ததும் ஒரு சட்டியில் தாராளமாக எண்ணெயோ நெய்யோ விட்டு, பொடி தூவி, பொதுக் குழம்பில் இரண்டு அகப்பை ஊற்றி, இறைச்சியைப் போட்டு, ஐந்தாறு நிமிஷத்தில் இறக்குகின்றார்கள். பாலேடும் தேங்காய்க் கட்டியும் சர்க்கரையும் சேர்ந்தால் அது குருமா. மிளகாய்ப் பொடி மிகுந்தால் விந்தாலு. பருப்பும் புளிப்பும் தித்திப்பும் கூடினால் தான்சாக். பட்டியலில் எண்பது பதார்த்தம் இருக்கலாம், அண்டா ஒன்றே. உப்பின் கதையும் அப்படித்தான். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. பொதுக் குழம்பில் உள்ளது, சட்டியில் சேர்த்தது, அப்பளத்திலும் ஊறுகாயிலும் உள்ளது ஆகியவற்றையெல்லாம் ஒருவேளை உணவில் கூட்டிக் கணக்கிடக் கணக்கனாகிய என்னாலும் இயலவில்லை. சாயத்தின் விஷயமும் உண்டு. 2004ஆம் வருஷத்தில் லண்டனை அடுத்த சர்ரே மாவட்டத்து அதிகாரிகள் நூற்றுச் சொச்சம் ஹோட்டல்களின் டிக்கா மசாலாவைச் சோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டவற்றில் சட்டம் அனுமதித்த அளவுக்கு மிஞ்சிய வர்ணப்பொடி இருக்கக் கண்டார்கள்.

இவ்வளவும் எனக்கு எப்படித் தெரியவந்ததென்று கேட்பீர்கள். என் ஆபீசுக்கு அருகே இத்தகைய ஹோட்டலொன்று உண்டு. அதன் வரவுசெலவுக் கணக்கை யான் எழுதிக் கொடுத்துவந்தேன். அங்கே சமையல் வேலை பார்த்தவர் அறுபது வயதான சில்ஹெட்காரர், உத்தமர். ஒருநாள் மாலை ஐந்து மணிக்குக் கடை திறக்குமுன் சென்றபோது, வேலையாட்கள் எல்லாரும் பின்கட்டில் வட்டமாக அமர்ந்து உண்டுகொண்டிருந்தார்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். வெள்ளைச் சோறு, நீர்த்த பருப்பு, நம் நார்த்தங்காயை ஒத்த சாத்கொரா என்னும் கனியின் தோலிட்டுக் காய்ச்சிய மீன்சாறு, பாகற்காய்ப் பொரியல். எண்ணெய் கண்ணுக்கே தென்படவில்லை. பதினெட்டு வருஷத்தில் லண்டன் ஹோட்டலொன்றில் யான் உண்ட மிக நல்ல சாப்பாடு அதுதான். "இதை ஏன் ஐயா, பட்டியலில் போடவில்லை?" என்று கேட்டேன். பெரியவர் சிரித்து, "இது எங்களுக்கு, அது கஸ்டமருக்கு. இதைக் கொடுத்தால் வாங்குவாரில்லை" என்றார். வீடு திரும்பும் வழியெல்லாம் அவ்வார்த்தை என் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. என் பையன் பதினான்கு மாதம் கஸ்டமராகவே உண்டான்.

ஆகவே, நல்ல உணவுச்சாலையைத் தேடுகிறவன் வாசற்பலகையைப் பார்ப்பதில் பயனில்லை; சமைக்கிறவன் தான் உண்பதை விற்கின்றானா என்றே பார்க்க வேண்டும். இதை அறியச் சில குறிகள் உண்டு. பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நன்று. பத்துப் பதினைந்து பதார்த்தம் எழுதி, அவற்றிலும் நாளுக்கு நாள் மாறுவதாயிருந்தால் அன்றன்று சமைக்கின்றார்கள் என்று பொருள். பகல் ஒரு மணிக்குச் சென்று யார் உண்ணுகின்றார்கள் என்று நோக்குக. வண்டியோட்டிகளும் ஆஸ்பத்திரித் தாதிகளும் நம் நாட்டு வேலைக்காரர்களும் அன்றாடம் உண்ணுமிடத்தில் கொழுப்பு மிஞ்சினால் அவர்களே வரமாட்டார்கள். கறியை மேசையில் வைத்ததும் உடனே கை வைக்காமல் இரண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்தால் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்பது தெரியும். முதல்நாள் பிரிந்து நின்றால் இரண்டாம் நாள் அங்கே போகவேண்டாம்.

வேறிடம் அகப்படாமல் அந்த எண்பது பதார்த்த ஹோட்டலிலேயே உண்ணும்படி நேர்ந்தாலோ, பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். துணைக் கறிகள் என்ற தலைப்பின்கீழ்ச் சிறிய எழுத்தில் தாளித்த பருப்பும் கீரையும் வெண்டைக்காயும் காலிபிளவரும் பாதி விலைக்கு இருக்கும். ஆங்கிலேயன் அவற்றைத் தொட்டுக்கொள்ள வாங்குகின்றான். நாம் அவற்றையே உணவாகக் கொள்ளலாம். மைதாவில் செய்து வெண்ணெய் தடவிய நானுக்குப் பதில் கோதுமை ரொட்டி கேட்கலாம். வர்ணமிட்ட புலவுக்குப் பதில் வெறுஞ்சோறு. லஸ்ஸிக்குப் பதில் தயிர்ப்பச்சடி. இறைச்சி உண்பவர்கள் குழம்பில் மிதப்பதை விட்டுத் தந்தூர் அடுப்பில் சுட்டதைக் கொள்ளலாம். ஆனால் செக்கச்செவேலென்றிருந்தால் சாயத்தை நினைத்துக்கொள்க. எண்ணெயைக் குறைக்கச் சொன்னால் குறைப்பார்களா என்று சந்தேகிக்க வேண்டாம். அச்சட்டி நமக்கென்றே அப்போது அடுப்பில் ஏறுகிறபடியால் அவர்களால் குறைக்க முடியும். நமக்குத்தான் கேட்க நாணம். விருந்தினன் வீட்டுக்காரனைக் குறை சொல்லலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஹோட்டலில் விலை கொடுத்து உண்ணும்போதும் விருந்தினன் என்றே நம்மை எண்ணிக்கொள்ளுகின்றோம்.

இனி லண்டனில் எப்பக்கம் போவது என்பதைச் சிறிது சொல்லுகின்றேன். நம் தமிழ்மக்களுக்கு ஈஸ்ட்ஹாமும் டூட்டிங்கும் உறவினர் ஊர்போல. அங்கே யாழ்ப்பாணத்தாரும் நம்மவரும் நடத்தும் சிறு கடைகளில் ஆவியில் வெந்த இடியப்பமும் பிட்டும், சிவப்பரிசி மாவில் செய்தனவும் கிடைக்கும். ஆனால் அதே கடை இரவு பத்து மணிக்குமேல் வேறு கடையாகின்றது. கல்லில் கொத்துரொட்டி தாளம் போடத் தொடங்கிவிட்டால் பையன்களின் கால் தானே அப்பக்கம் திரும்பும். காலையிலும் மாலையிலும் இடியப்பம் உண்டவன் அந்தத் தாளத்துக்கு முன் எழுந்துவிடுவது நலம். தோசைக் கடைகள் பல உண்டு, நெய்த் தோசையும் உருளைக்கிழங்கும் வடையும் ஒரே தட்டில் வருவதைப் பார்த்து மகிழலாம், அன்றாடம் உண்ணலாகாது. இட்டலி எங்கும் இட்டலியே.

சைவ உணவு உண்பவர்கள் யூஸ்டன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள டிரம்மண்டு வீதியை அறிந்திருப்பார்கள். நெடுங்காலமாக மாணாக்கர் பசியாற்றிய வீதி அது. குஜராத்திகள் நிறைந்த வெம்பிளியில் ஈலிங் ரோடு மற்றொன்று. இவ்விடங்களில் யான் கண்ட தவறு யாதெனில், சைவம் என்றதும் ஆரோக்கியம் என்று முடிவு கட்டிவிடுவதே. ஜைனர் முறைப்படி வெங்காயமும் பூண்டும் நீக்கிச் செய்த பலகாரம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து எழுந்து வந்தால் அதுவும் வறுவலே. ரொட்டி, பருப்பு, காய், மோர்க் குழம்பு அடங்கிய குஜராத்தித் தட்டு நன்று. அவர்கள் பருப்பில் வெல்லம் சேர்ப்பது வழக்கமாதலின் நீரிழிவுள்ளவர்கள் விசாரித்து உண்க. ஒரே விலைக்கு வேண்டுமட்டும் உண்ணலாம் என்று எழுதிய பலகையைக் கண்டால் விலகிச் செல்லுக. கொடுத்த காசுக்கு உண்டு தீர்ப்பதில் நம்மவரைப்போல் ஊக்கமுடையார் இல்லை. இதை யான் என்னையும் சேர்த்தே சொல்லுகின்றேன். சவுதால் பக்கம் வாழ்பவர்கள் பஞ்சாபியர் கடையில் வெண்ணெய் வேண்டாமென்று சொல்லி வாங்கிய தந்தூரி ரொட்டியும் கடுகுக்கீரையும் உண்ணலாம். அங்குள்ள சீக்கியர் குருத்துவாராவில் சாதி மத பேதமின்றி யாவரையும் தரையில் இருத்திப் பருப்பும் ரொட்டியும் அளிக்கின்றார்கள். வேலை கிடையாமல் அலைந்த நாளில் அங்கே உண்டு உயிர் வாழ்ந்த நம் பையன்கள் இருவரை யான் அறிவேன். அது உணவுச்சாலையன்று, ஆயினும் குறிப்பிடாமற் போனால் நன்றி மறந்தவனாவேன்.

அரசாங்கத்தார் ஹோட்டல்களைச் சோதித்துப் பூஜ்யம் முதல் ஐந்து வரை எண்ணிட்ட சீட்டு வழங்குகின்றனர். வேல்ஸ் நாட்டில் அதைக் கடை வாசலில் ஒட்டியே தீரவேண்டும் என்று 2013 முதல் சட்டம். இங்கிலாந்தில் அது கட்டாயமன்று என்பதால், மார்க்கு குறைந்தவர்கள் ஒட்டுவதில்லை. ஆனால் ஐந்து மார்க்கு வாங்கிய கடையில் உண்ணலாமே என்று ஒரு நண்பர் என்னிடம் வாதித்தார். அந்த எண் சுத்தத்தை அளப்பதேயன்றி எண்ணெயை அளப்பதன்று. சுத்தமான சட்டியிலும் கால்படி நெய் வார்க்கலாம். உணவின் உஷ்ண அளவைப் பட்டியலில் எழுதவேண்டுமென்று 2022 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்த சட்டமும் இருநூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்துள்ள பெரிய ஸ்தாபனங்களுக்கே பொருந்தும். எட்டுப்பேர் வேலை செய்யும் நம் ஹோட்டலைத் தொடாது. நமக்குப் பயன்படும் சட்டம் ஒன்றுண்டு. நிலக்கடலை, பால், கோதுமை முதலிய பதினான்கு பொருள்களில் எவை உணவில் கலந்துள்ளன என்று கேட்டால் கடைக்காரர் சொல்லியாக வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் சட்டம். ஒவ்வாமை உடையவர்கள் பொருட்டு ஏற்பட்டதாயினும், கேட்கத் தொடங்குவதற்கு அது நல்ல வாயில்.

இவ்வளவு பேசிய பின்னர் நினைவுக்கு வருவது காந்தியடிகள் வரலாறு. 1888ஆம் வருஷத்தில், இன்னும் பத்தொன்பது நிறையாத வயதில், புலால் உண்பதில்லை என்று தாயாரிடம் சத்தியம் செய்துகொடுத்து லண்டன் சேர்ந்த அவர், வயிறார உண்ண வழியின்றி நாளொன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். கடைசியில் பாரிங்டன் வீதியில் ஒரு சைவ உணவுச்சாலையைக் கண்டார். அது நம்மவர் கடையன்று, ஆங்கிலேயர் நடத்தியது. பின்னர், ஊரிலிருந்து வந்த தித்திப்புக்களையும் மசாலைகளையும் நிறுத்திவிட்டார். முன்பு சப்பென்றிருந்த வேகவைத்த கீரையே ருசிக்கத் தொடங்கிற்றென்று தம் சரித்திரத்தில் எழுதியிருக்கின்றார். நம் பிள்ளைகள் எல்லாரும் மகாத்மாக்கள் ஆகவேண்டுமென்று யான் கேட்கவில்லை. வாரத்தில் நான்குநாள் ஆங்கிலேயர் கடைப் பயறு சூப்பும் ரொட்டியும் உண்பதால் நம் பழக்கவழக்கம் குலைந்துவிடாது என்று மட்டும் சொல்லுகின்றேன். நம் நாட்டு உணவே வேண்டுமென்று பிடிவாதம் செய்து நம் நாட்டில் இல்லாத உணவை உண்பதைவிட அது மேல்.

என் தமையனார் மகன் இப்போது சௌக்கியமாக இருக்கின்றான். மாத்திரை உண்டு, நடை உண்டு, பருப்பும் சோறும் ஒரு காயும் தானே சமைக்கக் கற்றுக்கொண்டான். வெளியே உண்பது வாரத்துக்கு இரண்டு வேளை. அண்ணியார் இன்றும் ஞாயிறுதோறும் பேசுகின்றார். "நம்ம சாப்பாடு கிடைக்குதா?" என்று கேட்பதை விட்டுவிட்டார். "இன்னிக்கு யாருப்பா சமைச்சது?" என்றே கேட்கின்றார். போன மாதம் என்னிடம் பேசும்போது, "தம்பி, நீங்க மேல வருத்தப்பட வேண்டாம்" என்றார். அதற்கு யான் பதில் சொல்லவில்லை. இங்கே பேசச் சம்மதித்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

வருகிற ஆவணி, புரட்டாசியில் புறப்படும் பிள்ளைகளின் பெற்றோர்கள், பையன் தங்கப்போகும் வீதியின் பெயரை ஒரு சீட்டில் எழுதி இக்கூட்டம் கலையுமுன் என்னிடம் கொடுத்தால், அவ்வீதிக்குச் சமீபத்தில் யான் உண்டு அறிந்த இடம் இருந்தால் குறித்துக் கொடுக்கின்றேன். அறியாத பக்கமாயிருந்தால் என் மகன் இப்போதும் அவ்வூரிலேயே இருக்கின்றான். அவனை நேரில் போய் உண்டு பார்த்து எழுதச் சொல்லுகின்றேன். ஒரு பிரஷர் குக்கரும் இரண்டு படி துவரம்பருப்பும் பெட்டியில் வைக்க மறவாதீர்கள்.